பாண்டிச்சேரியில் நீலச் சட்டை

கால்பந்து உலகக் கோப்பை நெருங்கினாலே சென்னையிலிருந்து யாராவது ஒரு நண்பர் போன் போட்டுக் கேட்டுவிடுவார். "உங்க ஊர்ல பிரான்ஸ் கொடி புடிக்கிறாங்களாமே? அடிமைப்படுத்துனவனுக்கே கைதட்டுறது என்னப்பா பழக்கம்?" கேட்பவர்கள் நல்ல மனுஷர்கள்தான், ஆனால் கேள்விக்குள் ஒரு குத்தல் இருக்கும். போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாண்டிச்சேரி முழுக்க பிரான்ஸ் ரசிகர்கள் என்பது வெளியூர்ப் பத்திரிகைகள் கிளப்பிவிட்ட கதை. உலகக் கோப்பை மாதத்தில் வைத்திக்குப்பத்திலோ வம்பாக்கீரப்பாளையத்திலோ ஒரு சுற்று நடந்து பாருங்கள். கண்ணில் படுவது அர்ஜென்டினாவின் வெளிர்நீலமும் பிரேசிலின் மஞ்சளும்தான். 1986-இல் தூர்தர்ஷனில் மரடோனாவைப் பார்த்த தலைமுறை அர்ஜென்டினாவைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் பிள்ளைகள் மெஸ்ஸியோடு அதைத் தொடர்ந்தார்கள். தமிழ்நாட்டின் எந்தக் கடலோர ஊரிலும் இதே கதைதான். நம் யூனியன் பிரதேசத்தின் இன்னொரு துண்டான மாஹே இருப்பதோ மலபாரின் நடுவில். 2022-இல் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைத் தாண்டிப் பல மடங்கு உயரத்தில் கட்-அவுட் வைத்தார்களே, அந்தக் காற்று வீசுகிற பகுதி அது.

ஆனால் எங்கள் ஊரில் வேறொரு ரசிகர் கூட்டமும் உண்டு. அவர்கள் அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. அது அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பாண்டியில் வளர்ந்தவர்களுக்கு 'சொல்தா வீடு' என்றால் தனியாக விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பியவரின் வீடு. மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்சன் வரும். கூடத்தில் சீருடைப் படம், பெட்டிக்குள் பதக்கம், ஆனால் பேச்சு எல்லாம் நம்ம பாண்டித் தமிழ்தான். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைப்பு முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பங்கு இந்தப் பட்டாளக் குடும்பங்களும் அரசு வேலையில் இருந்தவர்களும். இன்றைக்கும் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக் குடிமக்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் இங்கேயே வாக்குப் போடுகிறார்கள், பிள்ளைகளை லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்க வைக்கிறார்கள், ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் பதக்கம் அணிந்து வருகிறார்கள். மாலையில் இரும்புக் குண்டுகளை எறிந்து பெத்தாங் விளையாடுகிறார்கள். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன் பிரான்ஸ் அணியின் நீலச் சட்டை போடுவதை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?

"சரி, நம்மை ஆண்டவன் ஆண்டவன்தானே" என்பார் நண்பர். ஆமாம். அதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று இங்கே பஞ்சாலைத் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிகள் சுட்டன. 12 பேர் செத்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா போன்றவர்கள் நடத்திய அந்தப் போராட்டம்தான் எட்டு மணி நேர வேலையை வாங்கித் தந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். ஆட்சியை எதிர்த்து ரத்தம் சிந்திய ஊர் இது. அந்தத் தியாகத்தையும் பிரான்ஸ் அணியின்மேல் உள்ள பிரியத்தையும் ஒரே மனசில் வைத்திருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை.

ஏன் அழிக்கவில்லை என்பதற்கு அந்த அணியையே பார்க்க வேண்டும்.

பிரான்சின் முதல் பெரிய நட்சத்திரம் ரேமோன் கோப்பா. முழுப் பெயர் கோப்பாஷெவ்ஸ்கி. வடபிரான்சின் நிலக்கரிச் சுரங்க ஊரில், போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவர். 14 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கி, அங்கே நடந்த விபத்தில் விரலை இழந்தவர். 1958-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது வாங்கிய முதல் பிரெஞ்சுக்காரர் அவர்தான். அதே 1958 உலகக் கோப்பையில் 13 கோல் அடித்த ழுஸ்ட் ஃபோன்டேன் பிறந்தது மொராக்கோவின் மராக்கேஷில். ஒரே உலகக் கோப்பையில் 13 கோல் என்ற அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. எண்பதுகளில் நடுக்களத்தில் ஓடிய ழான் திகானா பிறந்தது மாலியில். பிளாட்டினியின் முன்னோர் இத்தாலியர்கள். பாரிசுப் பிரபுக்களின் அணியாக அது ஒருபோதும் இருந்ததில்லை. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகளும், காலனி நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும்தான் அதைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

1998 உலகக் கோப்பைக்கு வருவோம். லிலியான் துராம் கரீபியத் தீவான குவாதலூப்பில் பிறந்தவர். அரையிறுதியில் குரோவேசியாவுக்கு எதிராக பிரான்ஸ் பின்தங்கியபோது இரண்டு கோலையும் அடித்து அணியைக் காப்பாற்றியது அவர். தடுப்பாட்டக்காரரான துராம், பிரான்சுக்காக ஆடிய 142 ஆட்டங்களில் அடித்ததே அந்த இரண்டு கோல்தான்! பாட்ரிக் வியேரா செனகலில் பிறந்தவர், மார்செல் தெசாயி கானாவில். ஸினதின் ஸிதானின் பெற்றோர் அல்ஜீரியாவின் கபீலி மலைப்பகுதிக்காரர்கள்.

அந்த அணியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் கிறிஸ்தியான் கரம்பே. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவின் கனாக் இனத்தவர். 1931-இல் பாரிஸில் காலனிகளின் கண்காட்சி என்று ஒன்றை மிகப் பெரிதாக நடத்தினார்கள். அதையொட்டி கனாக் மக்களை அழைத்துப் போய், நரமாமிசம் தின்பவர்கள் என்று பொய்யாகப் பலகை வைத்து, பூங்காவில் காட்சிப்படுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் கரம்பேயின் கொள்ளுத்தாத்தாவும் இருந்தார். 1998-இல் பிரெஞ்சு தேசிய கீதம் ஒலித்தபோது கரம்பே வாயைத் திறக்கவில்லை. கீதம் முடிந்ததும் அந்தச் சட்டையோடு உயிரைக் கொடுத்து ஆடினார். அதே 1931 கண்காட்சியில் பிரெஞ்சிந்தியாவுக்கும், அதாவது நமக்கும், ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். ஆண்டவர்கள் கண்ணில் நம் பாட்டன்களும் கரம்பேயின் பாட்டன்களும் அன்று ஒரே வரிசையில்தான் இருந்தார்கள். இந்த ஒன்று தெரிந்தால், "ஆண்டவனுக்குக் கைதட்டுறீங்களா" என்ற கேள்வியின் பாதிப் பலம் போய்விடும். நாங்கள் கைதட்டியது ஆண்டவனுக்கு இல்லை. எங்களைப் போலவே ஆளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு.

அந்த 1998 இறுதியாட்டம் நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை மணிக்கு. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் அல்ஜீரியாவில் பணிபுரிந்தவர். அவர் வீட்டுக் கூடத்தில்தான் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், ஜன்னல் வழியாகவும் தலைகள். ஸிதான் தலையால் முட்டி முதல் கோல் அடித்தார், பாதி நேரத்துக்குள் இன்னொன்றும் அதே மாதிரி. கூடமே எழுந்து குதிக்க, தாத்தா மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். "இவன் அப்பன் ஊர்லதான்டா நான் துப்பாக்கி புடிச்சிக்கினு நின்னேன். இன்னைக்கு அவன் புள்ளதான் பிரான்சுக்கே பேரு வாங்கிக் குடுக்குறான்," என்றார். கண் கலங்கியிருந்தது. காலனியாட்சி பற்றி நான் படித்த எத்தனையோ புத்தகங்களைவிட அந்த இரண்டு வாக்கியம் எனக்கு அதிகம் சொல்லித்தந்தது.

தாத்தா பணிபுரிந்த காலத்து அல்ஜீரிய விடுதலைப் போரின் நடுவே 1958 ஏப்ரலில் நடந்த ஒரு காரியத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. பிரான்சில் நல்ல பேரோடு ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய ஆட்டக்காரர்கள் ரகசியமாக நாட்டைவிட்டுக் கிளம்பி துனிஸுக்குப் போய், அல்ஜீரிய விடுதலை முன்னணியின் பெயரில் ஓர் அணி அமைத்தார்கள். ரஷீத் மெக்லூஃபியும் முஸ்தஃபா ஸித்தூனியும் அந்த வருஷ உலகக் கோப்பைக்கு பிரான்ஸ் அணியில் இடம்பெறவிருந்தவர்கள். உலகக் கோப்பையையே உதறிவிட்டுப் போனார்கள். ஃபிஃபா அங்கீகாரம் தரவில்லை. இருந்தும் நாடு நாடாகப் போய் ஆடினார்கள். விடுதலை கிடைத்த பிறகு மெக்லூஃபி தன் பழைய அணியான சேன்த் எத்தியேனுக்கே திரும்பி வந்தார், அந்த ஊர் அவரை வரவேற்றது. ஒரு நாட்டை எதிர்த்துப் போராடிவிட்டு அந்த நாட்டு மக்களோடு சேர்ந்து பந்தாடவும் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2006-இல் இந்த ஊரின் பிரான்ஸ் ரசிகர்களுக்கு இன்னொரு பெயர் கிடைத்தது: விகாஷ் தொராசூ. மொரீஷியசிலிருந்து பிரான்சுக்குப் போன குடும்பம், வேர் ஆந்திரத்தில். லியோன், ஏசி மிலான், பாரிஸ் சேன் ஜெர்மேன் என்று பெரிய அணிகளில் ஆடியவர். அந்த உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கும் தென்கொரியாவுக்கும் எதிரான ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராகக் கடைசி நிமிஷங்களில் இறங்கினார். உலகக் கோப்பையில் ஆடிய இந்திய வம்சாவளிக்காரர். சில நிமிஷங்கள்தான். ஆனால் நம் ஊர் டீக்கடையில் அதை எத்தனை மணி நேரம் பேசினார்கள் தெரியுமா! பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களைத் தானே சூப்பர் 8 கேமராவில் பிடித்து ஒரு படமாகவும் கொண்டுவந்தார்.

இன்றைய தலைமுறைக்குக் கதை வேறு மாதிரி. பாரிசுக்கு வடக்கே சார்செல், கார்ஜ் போன்ற புறநகர்களில் பாண்டிச்சேரிக் குடும்பங்கள் நிறைய. என் பள்ளித் தோழன் ஒருவனின் அத்தை சார்செல்லில்தான் இருக்கிறார். ரியாத் மஹ்ரேஸ் பிறந்து வளர்ந்து பந்து உதைக்கப் பழகிய ஊர் அது. எம்பாப்பே வளர்ந்த போந்தியும் அங்கிருந்து தூரமில்லை. எம்பாப்பேயின் அப்பா கேமரூன், அம்மாவின் குடும்பம் அல்ஜீரியா. விடுமுறைக்கு வரும் அந்த வீட்டுப் பையன்களுக்கு எம்பாப்பே போஸ்டரில் தொங்கும் ஆள் இல்லை. பக்கத்து ஊர் அண்ணன்.

2018 இறுதியாட்டம் ஜூலை 15. முந்தின நாள்தான் பிரெஞ்சு தேசிய தினம். கடற்கரைச் சாலையில் அந்தக் கொண்டாட்டத்தின் சூடு ஆறவில்லை. ஆட்டம் நமக்கு இரவு எட்டரைக்கு, தூக்கம் கெடாத நேரம். நாலுக்கு இரண்டு என்று குரோவேசியாவை ஜெயித்தார்கள். 19 வயது எம்பாப்பே கோல் போட்டார், 1958-இல் பெலேவுக்குப் பிறகு இறுதியாட்டத்தில் கோல் அடித்த இரண்டாவது பதின்வயதுக்காரர். ஆட்டம் முடிந்ததும் நீலம் வெள்ளை சிவப்புக் கொடிகளோடு ஜனம் வெளியே வந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் எல்லோரும் நடந்தே வந்தார்கள். காந்தி சிலையருகே லிசே மாணவர்கள் பிரெஞ்சில் பாடினார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே குப்பத்துப் பையன்கள் பறைமேளத்தோடு வந்து அடித்தார்கள். பிரேசில் சட்டை போட்டவர்களும் சேர்ந்து ஆடினார்கள். அந்த இரவில் கொடி எந்த நாட்டுடையது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

2022 டிசம்பர் 18 அன்று அதே தெருக்களில் நிலைமை தலைகீழ். எம்பாப்பே மூன்று கோல் அடித்தும் பெனால்டியில் அர்ஜென்டினா ஜெயித்தது. பாதி ஊர் வெடி வெடித்தது, சொல்தா வீடுகளில் சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டார்கள். மறுநாள் காலை இரண்டு கூட்டமும் ஒரே கடையில் டீ குடித்தது.

பிரான்சில் கூப் த பிரான்ஸ் என்று ஒரு போட்டி உண்டு. கிராமத்து அணி முதல் பாரிஸ் அணி வரை எல்லோரும் கலந்துகொள்ளலாம். கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளின் அணிகளையும் 1961-62 பருவத்திலிருந்து சேர்த்துக்கொண்டார்கள். ரீயூனியன் தீவின் சேன் பியேர் அணி 2020-இல் பிரான்சுக்குப் பறந்து போய், கடைசி 32 அணிகளில் ஒன்றாக நின்றது. ரீயூனியன் என்றால் தெரியும்தானே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பக்கத்துத் தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தீவு, இன்றும் தீமிதி நடக்கிற தீவு. 1962-இல் நமக்கு வேறு முடிவு ஆகியிருந்தால் நம் ஊர் உப்பளத்து அணி ஒன்று அந்தப் போட்டியில் ஆடியிருக்கும். அப்படி நடக்கவில்லையே என்று எனக்கு வருத்தம் இல்லை. இணைந்தது சரியான முடிவு. ஆனால் உப்பளத்துப் பையன்களுக்கு நாம் இங்கே என்ன செய்தோம் என்ற கேள்வி எழும்போதுதான் மனசு கனக்கிறது.

இதுவரை நண்பருக்குச் சொன்ன பதில். இனி சொல்வது எங்கள் ஊர்க்காரர்களுக்கு.

உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கம் இருக்கிறது. விடியற்காலையில் போனால் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு நடுவே கோன் வைத்து ஓடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் சாயங்காலம் எப்போதும் நாலைந்து ஆட்டம் ஒன்றுக்குள் ஒன்றாக நடக்கும். அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் 1940-களிலிருந்தே ஆண் பெண் எல்லோருக்கும் தினசரி விளையாட்டைக் கட்டாயப் பழக்கமாக்கி வைத்திருக்கிறார்கள். ஆட ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் ஏன் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபிக்கு நம் அணி போனால் இப்படி ஆகிறது? 2021-இல் கொச்சியில் கேரளாவிடம் 4-1. 2024-இல் கோழிக்கோட்டில் அதே கேரளாவிடம் 7-0. கேரளாவும் தமிழ்நாடும் கர்நாடகமும் இருக்கிற தென்மண்டலத்தில் சின்ன ஊருக்குக் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயிற்சியும் போட்டியும் வருஷம் முழுக்க இருந்தால் ஏழு கோல் வாங்குகிற பிள்ளைகள் இல்லை இவர்கள்.

கிரிக்கெட்டில் நடந்ததைப் பாருங்கள். 2018-இல் இந்திய கிரிக்கெட் வாரியத்தில் சேர்க்கை கிடைத்ததும் ரஞ்சிக் கோப்பையில் இறங்கிவிட்டோம், துத்திப்பட்டில் நல்ல மைதானமும் இருக்கிறது. கிரிக்கெட்டின்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அந்த அக்கறையில் கால்பங்காவது பந்தாட்டத்துக்கு வேண்டும் என்கிறேன்.

ரொம்ப தூரம் போக வேண்டாம், கடலூரைப் பாருங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே அரசுக் காப்பகத்தில் வளர்ந்த பெண்பிள்ளைகள் பலரைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார் பயிற்சியாளர் மாரியப்பன். அதே கடலூர் மண்ணிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிவரை போனார். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023-இல் மறுபடியும் ஆனார்கள். காசைக் கொட்டி வந்த வெற்றி இல்லை அது. ஒரு மைதானம், விடாமல் வந்துநின்ற ஒரு பயிற்சியாளர், பெண்பிள்ளைகளை அனுப்பிவைத்த பெரியவர்கள். நம் ஊரில் இது மூன்றும் இல்லையா?

உப்பளத்தில் உள்ளூர் போட்டி நடக்கும்போது கேலரியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆடுகிறவர்களின் வீட்டார்தான். நள்ளிரவில் கண் விழித்து பாரிசுக்காகவும் புவெனஸ் அயர்ஸுக்காகவும் தொண்டை கிழியக் கத்துகிற நாம், சாயங்காலம் நாலரை மணிக்கு நெல்லித்தோப்புக்காகவும் முத்தியால்பேட்டைக்காகவும் உப்பளத்தில் போய் உட்கார மாட்டேன் என்கிறோம். ஆடுகிறவனுக்குத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும். ஸிதானும் மார்செய்யில் ஒரு குடியிருப்பின் நடுமுற்றத்தில் அக்கம்பக்கத்தார் பார்க்கத்தான் ஆடப் பழகினார்.

அடுத்த உள்ளூர் போட்டிக்கு வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உப்பளம் வாருங்கள். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் அப்பா, தாத்தா காலத்து பாண்டிச்சேரி அணிப் படங்கள், கோப்பைகள், போட்டி நோட்டீஸ்கள் பெட்டிக்குள் இருந்தால், படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். போரில் உயிர்விட்டவர்களின் பெயரை நினைவுச் சின்னத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்த ஊருக்காகப் பந்து ஆடியவர்களின் பெயரை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.